பிடி தளர ஆகும் நேரம்

டிச. 16, செவ்வாய்

பனி. மைதானத்தில் எதிரே நிற்பவன் முகம் தெரியவில்லை. மார்கழி பிறந்துவிட்டது, விடியும் முன்பே கோவில் மைக். ஒரே லாபம், அலாரம் வைக்க வேண்டாம்.

ஓட்டம் சுமார். கடைசிச் சுற்றில் தொடை கட்டையாகிவிட்டது. பிறகு கயிறு. முதல் தடவை ஏறினேன், இறங்கினேன். பிரச்சினை இல்லை. மூன்றாம் தடவை உச்சிக்குப் போனதும் வலது கை மூடிக்கொண்டது. திற என்கிறேன், திறக்கவில்லை. வலி கிடையாது. என் கை என்ற உணர்வும் கிடையாது. கயிற்றைப் பிடித்தபடி தொங்கினேன். கீழே எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள்.

மாஸ்டர் ராணுவத்தில் இருந்து வந்தவர். போலீஸ் தேர்வுக்குப் போகும் எங்களுக்குக் காசு வாங்காமல் பயிற்சி கொடுக்கிறார். அதனால் யாரையும் எப்படியும் திட்டலாம் என்று நினைப்பு. "இன்னாடா ஜெயசீலா, மேலயே பட்டா வாங்கி வீடு கட்டப் போறியா?"

சிரிப்பு. நல்ல ஜோக்தான். எங்கள் காலனியில் பாதிப் பேருக்குப் பட்டா இல்லை, அது அவருக்குத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் கை தானாகத் திறந்தது. எப்போதும் அப்படித்தான். இறங்கியதும் கையை நீட்டிக் காட்டினால் எல்லோர் கையும் போல இருக்கிறது. "நடிப்பு" என்றார். நம்புவதற்கு அவருக்கு என்ன இருக்கிறது?

30ஆம் தேதி உடற்தகுதித் தேர்வு. எழுத்துத் தேர்வு பாஸ். இந்த வருஷத்தோடு எனக்கு வயது வரம்பு முடிகிறது. சர்ச்சுக்குப் போகிறோம் என்பதால் சர்டிபிகேட்டில் பி.சி. தெருவுக்குள் போனால் பழைய ஜாதிதான். வயதுச் சலுகை மட்டும் சர்டிபிகேட்டைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். இது போனால் அடுத்தது இல்லை.

வாங்க: சோப்பு, ஷூ லேஸ், கொசுவத்தி.

டிச. 17, புதன்

அறையில் தனியாகச் சாப்பிடும்போது போனில் எதையாவது ஓடவிடுகிறேன். பார்ப்பதில்லை. சத்தம் வேண்டும்.

பி.எஸ்சி. விலங்கியல் படித்தவன் நான். தசை எப்படி இறுகித் தளர்கிறது என்று ஐந்து மார்க் கேள்வி வந்தது. முழு மார்க். இப்போது திரும்ப எழுதிப் பார்க்கிறேன், என் பாஷையில்.

தசை இழைக்குள் சின்னச் சின்னப் பைகள். அவற்றில் கால்சியம் அடைத்துக் கிடக்கும். நரம்பு சொன்னதும் கதவு திறந்து கால்சியம் கொட்டும். உடனே உள்ளே இருக்கும் நூல்கள் ஒன்றை ஒன்று பிடித்து இழுக்கும். தசை இறுகும். நரம்பு நிறுத்தியதும் தளர வேண்டுமே, அதற்குக் கொட்டிய கால்சியம் முழுவதையும் பைக்குள் திரும்ப ஏற்ற வேண்டும். அதைச் செய்வது பம்புகள். பையின் சுவர் முழுக்கப் பம்புகள். இரண்டிரண்டு கால்சியமாக உள்ளே தள்ளும், ஒவ்வொரு தடவையும் ஏடிபி, அதாவது உடம்பின் சக்தி, செலவாகும்.

கொட்டுவதற்குச் செலவில்லை. அள்ளுவதற்குத்தான் செலவு. நாம் என்ன நினைக்கிறோம்? இறுகுவது வேலை, தளர்வது ஓய்வு என்று. இல்லை. தளர்வதும் வேலை. யாரோ உள்ளே அள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பதால்தான் கை திறக்கிறது.

அள்ளுபவன் மெதுவாக அள்ளினால்?

என் சந்தேகம் அதுதான். சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டரிடம் சொன்னேன். பி காம்ப்ளக்ஸ் எழுதினார். சென்னை பெரிய ஆஸ்பத்திரியில் 22ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

டிச. 18, வியாழன்

கோபத்தில் எழுதுகிறேன், கையெழுத்து கோணல்.

பட்டறையில் இன்று அரக்குச் சிவப்பு. பட்டறை என்றால் பட்டு நூலுக்குச் சாயம் போடும் இடம், பெரிய காஞ்சிபுரத்தில். காலைப் பயிற்சி முடிந்ததும் அங்கேதான் எனக்கு வேலை. நூல் சிட்டங்களைச் சாயத் தொட்டியில் புரட்டி, பச்சைத் தண்ணீரில் அலசி, முளையில் மாட்டி, மறுமுனையில் கம்பைக் கோத்து முறுக்கிப் பிழிய வேண்டும். நான் முறுக்குவேன், முருகேசன் அண்ணன் உதறிக் காயப் போடுவார். மார்கழித் தண்ணீர் ஐஸ். குளிர் இருந்தால் என் கைக்கு இன்னும் மோசம்.

பத்துப் பதினைந்து சிட்டம் முறுக்கியிருப்பேன். கம்பை விட்டதும் கை மூடிக்கொண்டது. மூடியபடி கீழே தொங்கவிட்டு, திறக்கட்டும் என்று நின்றேன். அப்போது முதலாளி வந்தார்.

கைலாச முதலியார். மார்கழி முழுக்கக் காலையில் கோவிலுக்குப் போய்ப் பொங்கல் வாங்கி வந்து பட்டறையில் எல்லோருக்கும் கொடுப்பார். நல்ல மனுஷன் என்பார்கள். கெட்டவர் இல்லைதான். ஆனால் கொடுக்கும் விதம் ஒன்று உண்டு. முருகேசன் அண்ணனுக்குக் கையில் வைப்பார். எனக்கு ஒரு ஜாண் உயரத்தில் இருந்து போடுவார். யாரும் இதைப் பற்றிப் பேசியதில்லை. அவரே கவனித்திருக்க மாட்டார். கையே பழகிய பழக்கம்.

எனக்கு முன்னால் பொங்கலோடு நின்றார். நான் இடது கையை நீட்டினேன். இடது கையில் பிரசாதமா? மறைத்துக்கொண்டேன். வலது கையை நீட்டினேன், முஷ்டியாக.

"கையத் தொறப்பா."

திறக்கவில்லை.

"இன்னா, வாங்க மாட்டியா?"

கை திறந்துவிடும், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மருமகன் பின்னால் இருந்து சொன்னான்: "அவன் வேதக்காரன் மாமா. சாமி சோறு வாங்கினா தீட்டு. கைய முறுக்கிக் காட்டறான் பாருங்க."

தீட்டாம். யார் யாரிடம் சொல்கிற வார்த்தை!

முதலியார் முகம் சிறுத்துவிட்டது. பொங்கலைத் திரும்பத் தூக்குவாளியில் போட்டார். "வேணான்னா வேணான்னு சொல்லலாம்பா. சாமிக்கு முன்னால முஷ்டி காட்டக் கூடாது." நாளையில் இருந்து வர வேண்டாம் என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

முருகேசன் அண்ணனைப் பார்த்தேன். என் கை மூடிக்கொள்வதைத் தினம் பார்ப்பவர் அவர். இரண்டு வருஷமாக என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு "இன்னாபா இது, நண்டு கொடுக்கு" என்று கிண்டல் செய்பவர். இன்று சிட்டத்தை உதறிக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது கை திறந்தது.

டிச. 19, வெள்ளி

மைதானம் போகவில்லை. படுக்கை.

மாலை முருகேசன் அண்ணன் போன். மருமகன் போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுக்கப் போகிறானாம். பிரசாதத்தை அவமதித்தேன், சாமியைப் பற்றித் தவறாகப் பேசினேன் என்று. நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

"நீங்க பாத்தீங்களே அண்ணே. சொல்லலாம்ல."

"எம் பொண்ணு கல்யாணம் தையிலபா. முதலாளிதான் முன்ன நிக்கிறாரு. நான் இன்னா பண்ணட்டும்." பிறகு, "நீயே வாயத் தொறந்து வியாதின்னு சொல்லிடேன்."

அதுதான் முடியாது. போலீஸ் வேலைக்கு முன்நடத்தை விசாரிப்பார்கள். வழக்கு இருந்தால் வேலை இல்லை. மருத்துவப் பரிசோதனையும் இருக்கிறது. வியாதி இருந்தாலும் வேலை இல்லை. முஷ்டிக்குத் திமிர் என்று பெயர் வைத்தால் ஒரு கதவு மூடும், வியாதி என்று வைத்தால் இன்னொன்று.

வேறு பெயர் வேண்டும். யோசி.

டிச. 21, ஞாயிறு

வாலாஜாபாத், அம்மா வீடு. பாலாற்றுப் பக்கம் இன்னும் பனி. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. மூடாத ஜன்னல்.

பட்டறையில் நடந்தது எப்படியோ காலனிக்கு வந்துவிட்டது, வேறு உருவத்தில். அம்மா வாசலிலேயே கட்டிக்கொண்டாள். "எம் புள்ள வேணான்னு சொல்லிட்டான்பா, வேலை போனாலும் பரவால்லன்னுட்டான்." பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொன்னாள், அவளுக்கு அடுத்த வீட்டுக்காரிக்கும்.

சர்ச்சில் பாஸ்டர் பிரசங்கத்தின் நடுவில் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். விக்கிரகத்துக்குப் படைத்ததை வாங்காத வாலிபன் என்றார். பத்து வருஷமாகப் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்காரும் அம்மாவை முன்னால் வரச் சொன்னார்கள். அழுதாள். சந்தோஷ அழுகை.

நான் நின்றேன். என் பொங்கலை நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. முந்திரி நிறையப் போட்டிருப்பார்கள், எனக்குப் பிடிக்கும். அதை எங்கே போய்ச் சொல்வது?

வெளியே வினோத் காத்திருந்தான். கூடப் படித்தவன், இப்போது கட்சியில் ஓடியாடுகிறான். அவனுக்கு இது வேறு கதை. உயரத்தில் இருந்து போடுவதற்கு எதிராக நான் கையை மூடிவிட்டேனாம். "செம பங்காளி. ஒரு போட்டோ. அதே மாதிரி கைய மூடு. ஸ்டேட்டஸ் போடறேன்."

"கை தானா மூடிக்கிச்சுடா. தசைல பிரச்சினை."

"அடக்கம் வேணாம்டா." கையைப் பிடித்துத் தூக்கினான்.

போட்டோ வேண்டாம் என்று சண்டை. அவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான்.

அந்த உயரம் எனக்கும் எரிச்சல்தான். ஒருநாள் நானே மூடியிருப்பேன், நானே முடிவு செய்து. அந்த வாய்ப்பையும் இந்தக் கை கெடுத்துவிட்டது.

அம்மா மீன் குழம்பு. மூன்று தடவை போட்டாள். அவள் இப்படிச் சிரித்து எவ்வளவு நாள் ஆயிற்று. உண்மையைச் சொல்லவில்லை.

டிச. 22, திங்கள்

சென்னை. முதல் பஸ். ஓ.பி. வரிசை. எனக்கு முன்னால் ஒரு தாத்தா, கை நடுக்கம், என் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றார். யாரோ தொட்டு நின்றது நன்றாக இருந்தது. அசிங்கமாக இருக்கிறது இதை எழுதுவதற்கு.

நரம்புப் பிரிவில் சின்ன வயது டாக்டரம்மா. மற்றவர்கள் கேட்காத கேள்வி கேட்டார். "முதல் தடவை கஷ்டமா இருந்து, செய்யச் செய்ய ஈசியாகுதா? இல்ல, முதல்ல ஈசியா இருந்து, செய்யச் செய்ய மோசமாகுதா?"

செய்யச் செய்ய மோசம் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். குளிரில்? மோசம். வலி? இல்லை. முஷ்டியை மூடி மூடித் திறக்கச் சொன்னார். சீக்கிரமே கை நின்றுவிட்டது. அந்த நேரத்தில் முன்கையில் ஊசி வைத்து மெஷினில் பார்த்தார்கள்.

திரையில் ஒரு கோடு. நேராக. சத்தமே இல்லை.

தசை இறுகியிருந்தால் நரம்பின் மின்சாரம் பொரிய வேண்டும். பொரியவில்லை. நரம்பு எப்போதோ போதும் என்று சொல்லிவிட்டது. தசை மட்டும் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. மெஷின்காரர் "நார்மல்" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார். எனக்காகச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே மெஷின், அதுவும் வாய் திறக்கவில்லை.

டாக்டரம்மாவுக்கு அந்த மௌனம்தான் பிடித்தது. கால்சியம் பம்ப் என்றார். நானும் அதையே நினைத்தேன் மேடம் என்றேன். சிரித்தார். பம்ப் செய்வதற்கான ஜீனில் கோளாறு இருக்கலாம், ரொம்ப அபூர்வம், தசையில் ஒரு துண்டு எடுத்தோ ஜீன் பார்த்தோதான் உறுதி செய்ய முடியும். முழுசாகக் குணமாக்கும் மருந்து இல்லை. சிலருக்கு மாத்திரையில் கொஞ்சம் குறைகிறது. உயிருக்கு ஒன்றும் இல்லை.

"இதயம்?" என்று கேட்டேன்.

"அதுக்கு வேற பம்ப். வேற ஜீன். நல்லா இருக்கு."

சரி.

அப்பாவும் அம்மாவும் சொந்தமா என்று கேட்டார். அத்தை மகன், மாமன் மகள். இரண்டு பக்கத்தில் இருந்தும் அந்த ஜீனின் கோளாறான பிரதி ஒவ்வொன்று வந்து சேர்ந்தால்தான் இப்படி ஆகும் என்றார். அப்பா இல்லை இப்போது. அம்மாவிடம் இதைச் சொல்லவே மாட்டேன். தன்னால் என்று எடுத்துக்கொள்வாள்.

கடைசியில் டாக்டரம்மா சீட்டை இழுத்து எழுதப் போனார். போலீஸ் தேர்வைப் பற்றிச் சொன்னேன். பேனா நின்றது. உறுதியாகாமல் பெயர் எழுத மாட்டேன், ஆனால் யாராவது கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டேன், ஓடும்போது கட்டையானால் நின்றுவிட வேண்டும், மீறி ஓடினால் தசை சிதையும், சிறுநீர் கறுத்தால் உடனே வர வேண்டும் என்றார். ஜனவரிக்கு ஒரு தேதி கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் ஒரே எண்ணம். இந்த ஊரில் என்னை நம்பும் ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.

டிச. 25, வியாழன்

கிறிஸ்துமஸ். அம்மாவிடம் காய்ச்சல் என்று பொய். சர்ச்சில் மறுபடி எழுந்து நிற்க முடியாது.

அறை. பக்கத்து ஓட்டலில் பிரியாணி, முட்டை இல்லை, கேட்கவும் இல்லை. வினோத்துக்கு வாழ்த்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

விலங்கியல் புத்தகத்தில் அதே பாடத்தின் கடைசிப் பத்தி: செத்த உடம்பு ஏன் விறைக்கிறது. சக்தி தீர்ந்ததும் பம்ப் நிற்கும், பிடித்த நூல்களைப் பிரிக்கவும் ஆள் இல்லை. பிடி பிடித்தபடி. படிக்கும்போது மனப்பாடம். இப்போது புத்தகத்தை மூடி வைத்தேன்.

மருமகன் இன்னும் மனு கொடுக்கவில்லை என்று முருகேசன் அண்ணன் மெசேஜ். மாமனார் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறானாம்.

முதலியாரிடம் போக வேண்டும். வார்த்தை வேலைக்காகாது. கையைக் காட்ட வேண்டும். காட்டினால் ஒருவருக்காவது தெரிந்துவிடும். தெரிந்தால் மைதானம் வரை வரும். ஆனாலும் வழக்கு முதலில் நிற்க வேண்டும்.

டிச. 27, சனி

போனேன். மருமகன் இல்லாத நேரம் பார்த்து.

முதலியார் நாற்காலியில். "எதுக்குபா வந்த?"

"நாலு சிட்டம் முறுக்கணும் முதலாளி. நீங்க பக்கத்துல நின்னு பாக்கணும். கூலி வேணாம்."

ஏதோ மன்னிப்புக் கேட்கும் முறை என்று நினைத்திருப்பார். தலையாட்டினார். கத்தரிப்பூ நிறம் இன்று. வேண்டுமென்றே கையைப் பச்சைத் தண்ணீரில் ஊறவிட்டேன். முறுக்கினேன், விட்டேன், முறுக்கினேன். நாலு போதவில்லை. முருகேசன் அண்ணன் அடுத்தடுத்த சிட்டத்தை மாட்டிக்கொடுத்தார், என் முகத்தைப் பார்க்காமல். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கை மூடிக்கொள்ள வேண்டும் என்று வேண்டினேன்.

மூடியது. கம்பை விட்டுவிட்டு அவர் முன்னால் நீட்டினேன். அன்று நீட்டிய அதே மாதிரி.

"இப்ப தொறந்து பாருங்க முதலாளி."

புரியவில்லை அவருக்கு. "நீயே தொறப்பா."

"என்னால முடியாது. நீங்க தொறங்க."

நின்றார். எனக்கும் அவருக்கும் நடுவில் அந்த ஒரு ஜாண். முருகேசன் அண்ணன் சிட்டத்தை உதறுவதை நிறுத்திவிட்டார். பிறகு முதலியார் ஒரு விரலால் என் கட்டைவிரலைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. இன்னொரு கையும் வந்தது. இரண்டு கையாலும் என் முஷ்டியைப் பிடித்து, விரல்களுக்குள் நகத்தை விட்டு நெம்பினார். முன்கையை அமுக்கினார்.

"கல்லு மாதிரி இருக்குதுபா." கொஞ்சம் கழித்து, "அன்னிக்கும் இதானா?"

"இதான்."

"வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா போலீஸ் வேலை போயிடும் முதலாளி. மனு குடுத்தாலும் போயிடும்."

முருகேசன் அண்ணன் அப்போதுதான் பேசினார். "ரெண்டு வருசமா இப்டித்தான் முதலாளி. நான் பாத்துக்கினுதான் இருக்கறேன்." இப்போது சொல்கிறார். திட்டு வாய் வரை வந்தது, அடக்கினேன். பெண்ணின் கல்யாணம்.

முதலியார் என் கையை விட்டார். மருமகனிடம் பேசிக்கொள்வதாகச் சொன்னார். யாரிடமும் வியாதி என்று சொல்ல மாட்டேன் என்றார். கோவில் தூக்கைத் திறந்து ஒரு தொன்னையில் பொங்கல் எடுத்தார். என் கை இன்னும் பாதிதான் திறந்திருந்தது. தொன்னையை முளைக்குப் பக்கத்துக் குட்டைச் சுவர் மேல் வைத்தார். "கை சரியானதும் எடுத்துக்கபா."

கை திறக்காது என்பதற்காக அங்கே வைத்தாரா, அல்லது பழைய பழக்கத்துக்கு நல்ல காரணம் கிடைத்துவிட்டதா? சைக்கிளில் வரும் வழியெல்லாம் இதே யோசனை. இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

சாப்பிட்டேன். நெய் வழிந்தது. முந்திரி இரண்டு.

டிச. 30, செவ்வாய்

முடிந்தது. வரிசையாக எழுதுகிறேன், மறந்துவிடும்.

ஓட்டம்: நேரத்துக்குள். கடைசியில் தொடை இரண்டும் மரம். டாக்டரம்மா நிற்கச் சொல்லியிருந்தார். நிற்கவில்லை. சிறுநீர் பார்த்தேன், நிறம் சரி.

தாண்டல்: சுமார்.

கயிறு: வரிசையில் நிற்கும்போது கைகளை அக்குளில் வைத்துச் சூடு பண்ணினேன். சூடு இருந்தால் பம்ப் கொஞ்சம் வேகம். ஒரே தடவைதான் ஏற வேண்டும், அதுதான் என் கணக்கு. நிற்காமல் ஏறினேன். மேலே கட்டியிருந்த சிவப்புத் துணியைத் தொட்டேன். கீழே விசில் ஊதினார்கள்.

பிறகு வலது கை மூடிக்கொண்டது. இடதும்.

தொங்கினேன். மேலே காற்று நன்றாக இருந்தது. கீழே யாரும் முதலில் கவனிக்கவில்லை. அடுத்தவன் நம்பரைக் கூப்பிட்ட பிறகுதான் அண்ணாந்தார்கள். "எறங்குடா" என்று ஒரு கான்ஸ்டபிள். இன்னொருவர் கயிற்றை ஆட்டினார். உள்ளே அள்ளிக்கொண்டிருக்கிறார்கள், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல முடியுமா? எண்ணாமல் காத்திருந்தேன். விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. வழுக்கிக்கொண்டே இறங்கினேன், உள்ளங்கை எரிச்சல்.

எஸ்.ஐ. அட்டையும் பேனாவுமாக நின்றார். பேனா என் நம்பருக்கு நேரே. "ஏன்டா அங்கியே நின்ன? கைல எதுனா கோளாறா?"

எல்லாப் பெயரும் ஞாபகம் வந்தது. முதலியார் வைத்தது, பாஸ்டர் வைத்தது, வினோத் வைத்தது, டாக்டரம்மா எழுதாமல் விட்டது.

"இல்ல சார். கீழ பாத்துட்டேன். பயம்."

சிரித்தார்கள். கான்ஸ்டபிள்கள், வரிசையில் நின்றவர்கள், எல்லோரும். "போலீசுக்கு வர்றவன் பயப்படலாமாடா" என்று எஸ்.ஐ. முதுகில் ஒரு தட்டு. டிக் போட்டார்.

இந்தப் பெயர் நானே வைத்தது.

அம்மாவுக்குப் போன். கயிறு ஏறிட்டேன்மா என்றேன். கர்த்தர் தூக்கிவிட்டார் என்றாள். ஆமாம்மா என்றேன். தொங்கியதைச் சொல்லவில்லை. அதைச் சொல்ல ஆள் யோசித்தேன். முருகேசன் அண்ணன் எடுக்கவில்லை.

அடுத்து மருத்துவப் பரிசோதனை. தேதி பிறகு சொல்வார்களாம். ஊசி வைத்து மெஷினில் பார்த்தாலும் கோடு நேராகத்தான் வரும். முஷ்டியை மூடி மூடித் திறக்கச் சொன்னால்தான் மாட்டுவேன்.

சோப்பு இன்னும் வாங்கவில்லை.